ஆய்வுக் கோப்புகள் யார் பெயரில் இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கடந்த சில மாதங்களில் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன. பலர் சேர்ந்து செய்யும் ஆய்வின் கோப்புகளை மேகச் சேமிப்பகத்தில், அதாவது கூகுள் டிரைவ் போன்ற இணையவழிச் சேமிப்பிடத்தில், எப்படி வைத்துக்கொள்வது என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கொங்குப் பகுதிக் கல்வெட்டுகளின் படிகளையும் ஒளிப்படங்களையும் ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில் சேர்த்து வருகிறோம். இருவர் கோவையிலும் ஒருவர் சேலத்திலும் வெவ்வேறு கல்லூரிகளில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறோம். ஃபோல்டரைத் தொடங்கிய தோழி தம் கல்லூரி மின்னஞ்சல் கணக்கில்தான் அதைத் தொடங்கினார். அவர் வரும் ஏப்ரலில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வெளியேறுகிறார். அதன் பிறகு எங்களுக்கு ஏதேனும் சிக்கல் வருமா? – ஆய்வு மாணவி, பெருந்துறை.

பதில்: வரும், அம்மணி. ஏப்ரலுக்கு முன்பே கேட்டீர்களே என்று நிம்மதி அடைகிறேன். பிறகு கேட்டிருந்தால் என்னால் சொல்லக்கூடியது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

கூகுள் டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி உரிமையாளர் உண்டு. ஃபோல்டரைத் தொடங்கியவர் ஃபோல்டருக்கு மட்டுமே உரிமையாளர். அதற்குள் ஒரு கோப்பை யார் ஏற்றினாரோ அவரே அந்தக் கோப்பின் உரிமையாளர். பங்காளிகள் மூவர் ஒரே காட்டில் சேர்ந்து வெள்ளாமை வைத்தாலும் பட்டா தனித்தனிப் பெயரில் இருப்பதைப் போன்றது இது. வெளியிலிருந்து பார்க்கும்போது வரப்பே தெரியாது. ஆனால் தோழியின் கல்லூரி அவருடைய கணக்கை நீக்கும் நாளில், ஃபோல்டரோடு அவர் ஏற்றிய கோப்புகள் அனைத்தும் உங்கள் திரையிலிருந்தும் மறைந்துவிடும். நீக்கப்பட்ட கணக்கைக் கல்லூரியின் கணினி நிர்வாகி 20 நாட்களுக்குள் மீட்கலாம். அந்தக் கெடு தாண்டிவிட்டால் வழியில்லை.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. ஒரு கல்லூரியில் கணினி மையத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், படிப்பு முடித்தவர்களின் கணக்குகளை ஆண்டுதோறும் நீக்கும் பட்டியலில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். ஓர் ஆண்டு அந்தப் பட்டியலில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் கரையோரக் கிணறுகளின் நீரைச் சோதித்து வந்த மாணவர் ஒருவரின் கணக்கும் இருந்தது. 1992இல் கட்டப்பட்ட அந்த அணையில் பாசன நீரோடு சாயக்கழிவும் தேங்கி, கீழே இருந்த தோட்டங்களின் கிணறுகள் எந்த நிலைக்கு வந்தன என்பது திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்ட வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னுமாக இரண்டு ஆண்டுகள் எடுத்த அளவுகள் முழுவதும் அவர் கணக்கில் இருந்தன. அவருடைய நெறியாளரும் உடன் பணியாற்றிய இருவரும் கோப்புகளைத் தேடியபோது 20 நாட்களும் கடந்திருந்தன.

மிஞ்சியது, அந்த மாணவரின் தாயார் பரணில் எடுத்து வைத்திருந்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஈரம் பட்டு ஓரம் சுருண்டிருந்த தாள்களில் பென்சிலால் கிணற்று எண்ணும், எதிரே டி.டி.எஸ். எனப்படும், நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவும் எழுதப்பட்டிருந்தன. ஒரு கிணற்றுக்கு நேரே, பக்கத்தின் ஓரத்தில், 'மாடு இந்தத் தண்ணியக் குடிக்கறதில்லைன்னு தோட்டத்துக்காரர் சொன்னாரு' என்று ஒரு வரி. தட்டச்சு செய்த அட்டவணையில் அந்த வரி ஒருபோதும் ஏறியிருக்கவில்லை என்று அந்த மாணவர் சொன்னார். அன்றிலிருந்து, களத்தில் எழுதும் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே செல்பேசியில் படமெடுத்துக் கோப்புகளோடு சேர்த்து வைக்கும்படி எல்லா மாணவர்களிடமும் வற்புறுத்தி வருகிறேன். உங்கள் கல்வெட்டுப் படிகளுக்கும் அது பொருந்தும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், மூவரில் யாருடைய நெறியாளராவது தம் கல்லூரியின் நிர்வாகியிடம் சொல்லி 'ஷேர்டு டிரைவ்' ஒன்றைத் தொடங்கித் தரச் சொல்லுங்கள். அதில் இடப்படும் கோப்புகள் தனிநபருக்கு உரியவையாக இல்லாமல் நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கும். உறுப்பினர் ஒருவர் விலகினாலும் அவர் ஏற்றியவை அங்கேயே நிற்கும். தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் இதைத் தொடங்க முடியாது. ஆனால் நிர்வாகி அனுமதித்தால் வேறு கல்லூரிக்காரர்களையும் ஜிமெயில் வைத்திருப்பவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாம். மேலாளர் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடாமல், குறைந்தது இருவரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியராக இருப்பது நல்லது.

தோழியின் கோப்புகளை உங்கள் பெயருக்கு நேரடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஒரே நிறுவனத்தின் கணக்குகளுக்குள் உரிமையை மாற்றலாம். ஒரு ஜிமெயில் கணக்கிலிருந்து இன்னொரு ஜிமெயில் கணக்குக்கும், பெறுபவர் ஒப்புக்கொண்டால், மாற்றலாம். கல்லூரிக் கணக்கிலிருந்து ஜிமெயிலுக்கோ வேறு கல்லூரியின் கணக்குக்கோ உரிமையை மாற்ற முடியாது, படியெடுக்கத்தான் முடியும். கல்லூரி அனுமதித்திருந்தால் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் உள்ள இடமாற்ற வசதி மூலம் மொத்தமாக ஒரு ஜிமெயில் கணக்குக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். படியெடுக்கும்போது கோப்பின் பழைய பதிப்புகளின் வரலாறு கூடவே வராது. யார் எப்போது எந்த வாசிப்பைத் திருத்தினார் என்பது கல்வெட்டு ஆய்வில் முதன்மையான செய்தி என்பதால், முக்கியமான திருத்தங்களைத் தனிக் கோப்பில் தேதியிட்டு எழுதி வைத்த பிறகே படியெடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். மூவரும் உட்கார்ந்து ஒரு பக்க அளவில் உடன்பாடு எழுதிக்கொள்ளுங்கள். விலகுபவர் எவற்றின் படியை எடுத்துச் செல்லலாம், மற்றவர் எடுத்த படத்தைத் தம் கட்டுரையில் பயன்படுத்தும்போது யார் பெயரைப் போட வேண்டும், எதை யாரைக் கேட்காமல் அழிக்கக்கூடாது என்பவை அதில் இருக்கட்டும். நட்பாக இருக்கும்போது எழுதினால் பத்து நிமிட வேலை. வரப்புத் தகராறு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் முடியாது.

கேள்வி: இலவசமாகக் கிடைப்பவற்றில் எதில் இடம் அதிகம்? – முதுகலை மாணவர், நாமக்கல்.

பதில்: கூகுள் கணக்கில் 15 ஜிபி, அது டிரைவ், ஜிமெயில், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஒன்டிரைவில் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி. செல்பேசிப் படம் ஒன்றை 5 எம்பி என்று கொண்டால், 15 ஜிபியில் ஏறத்தாழ 3,000 படங்கள் அடங்கும். ஆனால் கூட்டு வேலையில் அளவைவிட, இடம் யாருடைய கணக்கில் கழிகிறது என்பதுதான் முக்கியம். கூகுளில் ஏற்றியவர் கணக்கில் கழியும். ஒன்டிரைவில் ஃபோல்டரின் உரிமையாளர் கணக்கில் கழியும். டிராப்பாக்ஸில் பகிர்ந்த ஃபோல்டர் உறுப்பினர் ஒவ்வொருவரின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: மஞ்சள் வயல் ஆய்வு ஒன்றில் நான்கு பேர் ஒரே எக்செல் கோப்பில் பதிவு செய்கிறோம். பாத்திகளுக்கு 12-4, 3-5 என்று எண் கொடுத்திருந்தோம். இப்போது திறந்தால் பல இடங்களில் '12-ஏப்ரல்', '03-மே' என்று நிற்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்களும் தோன்றியுள்ளன. கோப்பு கெட்டுவிட்டதா? – வேளாண் ஆய்வு மாணவர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: கோப்பு கெடவில்லை, தம்பி, இரண்டுமே வெவ்வேறு காரணங்களால் வந்தவை. எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் 12-4 என்று தட்டச்சு செய்தால் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு வரிசை எண்ணாக மாற்றிவிடுகின்றன. நீங்கள் எழுதியது அங்கே இருக்காது. மரபணு ஆய்வாளர்களுக்கே இது பெரிய தலைவலியாக இருந்தது: 'செப்ட்1', 'மார்ச்1' போன்ற மரபணுப் பெயர்கள் செப்டம்பர், மார்ச் மாதத் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்தன. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்ததை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றி அமைத்தார்கள். 2023இல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் வந்தது. ஆனால் உங்கள் நால்வரில் ஒருவர் அதை நிறுத்தாமல் விட்டாலும் போதும், பிழை திரும்ப நுழைந்துவிடும். ஆகவே பாத்தி எண்ணைப் 'பா12_4' என்பது போல எழுத்தில் தொடங்கி, நடுவில் சிறு கோட்டைத் தவிர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே மாறியவற்றை நினைவிலிருந்து திருத்தாதீர்கள். கள நோட்டை எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

நால்வரும் அவரவர் கணினியில் எக்செல் கோப்பைத் திறந்து எழுதும் முறையையும் மாற்ற வேண்டும். கணினியில் உள்ள கோப்பும் மேகத்தில் உள்ள கோப்பும் ஒன்றாகும் ஒத்திசைவு (சிங்க்) நடப்பதற்குள் இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், டிராப்பாக்ஸ் போன்ற சேவைகள் இரண்டாவதை 'முரண்பட்ட பிரதி' என்று தனிக் கோப்பாக வைத்துவிடும். பிறகு எது சரி என்று யாருக்கும் தெரியாது. ஒன்று, உலாவியில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய அட்டவணையில் எழுதுங்கள். அல்லது ஆளுக்கொரு பதிவுக் கோப்பு வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ஒருவர் மட்டும் அவற்றை ஒன்றாகச் சேர்க்கட்டும். எனக்கு இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது, ஏனெனில் பிழை எங்கே நுழைந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும். கருவியிலிருந்து வந்த மூல அளவுகளை மட்டும் தனி ஃபோல்டரில், பார்க்க மட்டுமே முடியும் என்ற அனுமதியோடு பூட்டி வையுங்கள்.

இரண்டு ஃபோல்டர் விவகாரம் நம் எழுத்தைப் பற்றியது. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு ஃபோல்டர்களின் பெயரும் 'கொடிவேரி' என்று இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில், இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக ஒரு வகை, எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாக இன்னொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒருவர் மேக் கணினியிலும் மற்றவர் விண்டோஸிலும் வேலை செய்தாலோ, தட்டச்சு மென்பொருள்கள் வேறாக இருந்தாலோ இது நிகழக்கூடும். கொங்கு, நொய்யல், கொடுமணல், பொள்ளாச்சி என்று நம் பக்கத்துப் பெயர்கள் பலவற்றில் இந்த ஒகரம் இருக்கிறது. தமிழில் பெயர் வைக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் ஃபோல்டர், கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்களிலும் வைத்து, முழுத் தமிழ் விளக்கத்தை உள்ளே ஒரு விளக்கக் கோப்பில் எழுதுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-01-14 என்பது போலப் பெயரின் தொடக்கத்தில் போட்டால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும்.

கேள்வி: சாயப்பட்டறைத் தொழிலாளர்களிடம் உடல்நலம் பற்றி எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகளை வெளியூர் ஆய்வாளர் ஒருவரோடு பகிர வேண்டும். லிங்க் அனுப்பினால் போதுமா? – உதவிப் பேராசிரியை, திருப்பூர்.

பதில்: 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற வகையில் ஒருபோதும் அனுப்பாதீர்கள். அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால், தம் முதலாளியைப் பற்றியும் தம் நோயைப் பற்றியும் உங்களை நம்பிப் பேசிய ஒருவரின் குரல் யார் கையிலும் கிடைக்கும். வேலை போனால் அவருக்குத்தான் போகும். அந்த ஆய்வாளரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பதிவிறக்கம் தேவையில்லை என்றால் அதையும் தடுத்து வையுங்கள். வேலை முடிந்த நாளில் அனுமதியைத் திரும்பப் பெறுங்கள்.

அதற்கும் முன்னால், பகிர வேண்டியது ஒலிப்பதிவுதானா என்று யோசியுங்கள். பெரும்பாலும் எழுத்து வடிவமே போதும். அதில் பெயர், பட்டறை, ஊர், குடும்ப விவரம் ஆகியவற்றை நீக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு குறியெண் கொடுங்கள். எந்த எண் யாருக்கு உரியது என்ற பட்டியல் அந்த ஃபோல்டரில் இருக்கவே கூடாது. ஒலிப்பதிவையே அனுப்ப வேண்டியிருந்தால், கிரிப்டோமேட்டர் போன்ற திறந்த மூல மென்பொருளால் உங்கள் கணினியிலேயே பூட்டிய பிறகு மேகத்தில் ஏற்றி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

உடல்நலம் சார்ந்த ஆய்வு என்பதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதற்குப் பொருந்தும். தொழிலாளர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் 'பிற ஆய்வாளர்களோடு பகிரப்படும்' என்ற வாசகம் இல்லையென்றால், உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவிடம் கேட்காமல் பகிராதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு, தரவைக் கொண்டு குறிப்பிட்ட நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது, வகுக்கப்பட்ட தர நெறிகளின்படி கையாள வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வருவது.

கேள்வி: எல்லாமே கூகுள் டிரைவில் இருக்கும்போது ஹார்டு டிஸ்கில் வேறு எதற்கு வைக்க வேண்டும் என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். – கல்லூரி ஆசிரியர், கரூர்.

பதில்: ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒத்திசைவு என்பது நீங்கள் செய்வதை அப்படியே எல்லா இடத்திலும் செய்யும். ஒருவர் கை தவறி அழித்தால் எல்லோரிடமும் அழியும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். கல்லூரிக் கணக்காக இருந்தால் அதன்பின் மேலும் 25 நாட்களுக்குள் நிர்வாகி மீட்கலாம். எக்செல், பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகளும் 30 நாட்கள் அல்லது 100 பதிப்புகள் வரைதான் இருக்கும், 'எப்போதும் வைத்திரு' என்று குறித்தால் ஒழிய. பருவத் தேர்வு விடுமுறை முடிந்து திரும்புவதற்குள் கடந்துவிடும் கெடு இது.

பெரிய நிறுவனங்களே இழந்திருக்கின்றன. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் (சூப்பர் கம்ப்யூட்டர்), காப்புப் பிரதி எடுக்கும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பைப் புதுப்பித்ததால், 14 ஆய்வுக் குழுக்களுக்கு உரிய ஏறத்தாழ 77 டெராபைட் தரவு அழிந்தது. அவற்றுள் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் ஏற்பட்ட தீயில், அரசு ஊழியர்களின் கோப்புகளை வைத்திருந்த மேகச் சேமிப்பகம் எரிந்து 858 டெராபைட் போனது. அதற்கு வெளியில் பிரதி ஏதும் இல்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி இன்றும் போதுமானது. டிரைவில் ஒன்று, துறையின் ஹார்டு டிஸ்கில் ஒன்று, நெறியாளர் வீட்டில் ஒன்று. மாதம் ஒருமுறை யாராவது அந்த டிஸ்கைச் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, பார்த்த தேதியை அதன்மேல் ஒட்டிய தாளில் எழுத வேண்டும்.

கேள்வி: தாளவாடி மலைக் கிராமங்களில் கள ஆய்வு செய்கிறேன். பல இடங்களில் டவர் கிடைப்பதில்லை. – ஆய்வு மாணவர், சத்தியமங்கலம்.

பதில்: களத்தில் மேகத்தை நம்பாதீர்கள். தேவையான படிவங்களைப் புறப்படுமுன் ஆஃப்லைனில் இறக்கிக்கொண்டு, பதிவுகளைச் செல்பேசியிலும் ஒரு மெமரி கார்டிலும் வைத்து, கீழே இறங்கிய பிறகு ஏற்றுங்கள். ஏற்றும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 1 ஜிபிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். படங்களை அன்றாடம் ஏற்ற முயலாமல், எழுத்துக் கோப்புகளை முதலிலும் படங்களையும் காணொளிகளையும் சத்தியமங்கலம் வந்த பிறகும் ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்து வரும். ஏறி முடிந்ததை உலாவியில் திறந்து பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

கேள்வி: ஆய்வு முடிந்துவிட்டது. ஃபோல்டரை அப்படியே விட்டுவிடலாமா? – பேராசிரியர், சேலம்.

பதில்: ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிவிடும், அதன் பின்னால் இருக்கும் தரவு அங்கே முழுமையாகப் போய்ச் சேராது. டிரைவ் என்பது வேலை நடக்கும் களம்தான், களஞ்சியம் அன்று. பகிரத்தக்க தரவை ஸெனோடோ போன்ற ஆய்வுக் களஞ்சியத்தில் இட்டுவிடுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் அது 2013இல் தொடங்கியது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை கட்டணமின்றி ஏற்றலாம். ஒவ்வொரு பதிவுக்கும் டி.ஓ.ஐ. எனப்படும் நிலையான எண் கிடைப்பதால் பிறர் உங்கள் தரவை மேற்கோள் காட்ட முடியும். அட்டவணைகளை, எளிய எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாக, தமிழ் எழுத்துகளைச் சிதையாமல் காக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் மாற்றி இடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதிகள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். கூடவே, அட்டவணையின் எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, அளவின் அலகு என்ன, எந்தக் கருவியால் எடுத்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு விளக்கக் கோப்பு. உடன் உழைத்த மாணவர்கள் எல்லோருடைய பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்த்த பிறகு வெளியிடும் பொத்தானை அழுத்துங்கள். வெளியிட்ட கோப்புகளை மாற்ற வேண்டுமென்றால் அங்கே பொதுவாகப் புதிய பதிப்பாகவே ஏற்ற வேண்டியிருக்கும்.